மேல்மலைப் பூண்டு லோடுக்குப் புது பிக்கப்: விலை குறைந்ததா, உழைக்கிறதா?

மேல்மலைக்காரன் கேட்டது:

எல்லோருக்கும் வணக்கம். கொடைக்கானல் மேல்மலையில், பூம்பாறைப் பக்கம் எங்கள் தோட்டம். பூண்டு, கேரட், உருளை போடுகிறோம். இதுவரை வாடகை வண்டியில்தான் லோடு இறக்கினோம். வாடகை ஏறிக்கொண்டே போகிறது. அது கூடப் பரவாயில்லை, அறுவடை நேரத்தில் கெஞ்சினாலும் வண்டி வருவதில்லை. அதனால் சொந்தமாக ஒரு பிக்கப் எடுத்துவிடலாம் என்று வீட்டில் பேசி முடித்துவிட்டோம்.

பூண்டு வடுகபட்டி மண்டிக்குப் போகும். கேரட், உருளை திண்டுக்கல் அல்லது ஒட்டன்சத்திரம். இறங்கும்போது முழு லோடு. ஏறும்போது உரம், மளிகை, எப்போதாவது சிமென்ட், பாதி வண்டிகூட நிறையாது.

இரண்டு ஷோரூமில் விலை கேட்டேன். மகிந்திரா பொலிரோ பிக்கப்புக்கும் அசோக் லேலண்ட் தோஸ்த்துக்கும் ஆன்ரோடு விலையில் சுமார் ஒன்றரை லட்சம் வித்தியாசம் வருகிறது. கையில் மூன்று லட்சம் இருக்கிறது, மீதி பைனான்ஸ்தான். மாமா "மலைக்குப் பொலிரோவைத் தவிர வேறு எதையும் வாங்காதே" என்கிறார். தேனியில் இருக்கும் நண்பன் தோஸ்த் ஓட்டுகிறான். "அந்த ஒன்றரை லட்சத்தை டீசலுக்கு வை" என்கிறான் அவன். ஷோரூம் ஆள் ஒருவர், ஜிஎஸ்டி கட்டுவதைத் திரும்ப எடுத்துக்கொள்ளலாம், அதனால் வித்தியாசமே தெரியாது என்கிறார். எனக்கு ஜிஎஸ்டி நம்பரே கிடையாது.

வண்டி நான்தான் ஓட்டுவேன். கார் லைசென்ஸ் இருக்கிறது, வாடகை, சரக்கு வண்டி ஓட்டக் கேட்கும் பேட்ஜ் இல்லை. விலை குறைந்ததை எடுத்து நடு மலையில் நிற்கவும் பயம், விலை கூடியதை எடுத்து டியூ கட்ட முடியாமல் முழிக்கவும் பயம். அனுபவப்பட்டவர்கள் சொல்லுங்கள்.

தேனி டிரைவர்:

நண்பர் சொன்னது சரிதான் ப்ரோ. நான் தேனி, கம்பம், உசிலம்பட்டி லைனில் வாழைத்தார் ஏற்றுகிறேன். தோஸ்த்துதான். 1.5 லிட்டர், மூன்று சிலிண்டர் இன்ஜின், டீசல் குறைவாகத்தான் குடிக்கும். ஓசூரில் தயாராகிற வண்டி, பார்ட்ஸ் எங்கும் கிடைக்கிறது. அளவோடு ஏற்றினால் ஒன்றும் செய்யாது. ஆனால் நான் ஓட்டுவது சமவெளி. மலையில் தினமும் இறக்குகிறவர்கள் சொல்வதையும் கேட்டுக்கொள்ளுங்கள்.

பட்டறை அண்ணாச்சி:

தம்பி, நான் வத்தலக்குண்டு பக்கம் பட்டறை வைத்திருக்கிறேன். மேல்மலை வண்டிகள் மலையை விட்டு இறங்கியதும் முதலில் வந்து நிற்பது எங்களைப் போன்றவர்களிடம்தான். எந்தக் கம்பெனிக்கும் நான் ஏஜெண்ட் இல்லை.

பெயரை விடுங்கள், முதலில் எடையைப் பாருங்கள். தோஸ்த் என்கிற ஒரே பெயரில் ஒன்றேகால் டன் ஏற்றும் வண்டியும் இருக்கிறது, ஒன்றரை டன் ஏற்றும் வண்டியும் இருக்கிறது. 2020-இல் வந்த படா தோஸ்த்தில் ஐ4 எடுத்தால் 1.8 டன் அளவுக்கு ஏற்றலாம். பொலிரோ பிக்கப்பிலும் அப்படித்தான்: 1.3, 1.5, 1.7 என்று இருக்கிறது. மேக்ஸ் என்று 2023-இல் வந்த வரிசையில் 2 டன் வரை உண்டு. டாடாவில் இன்ட்ரா, யோதா இருக்கின்றன, அவற்றையும் கேட்டுப் பாருங்கள். நீங்கள் சொல்லும் ஒன்றரை லட்சம் எந்த மாடலுக்கும் எந்த மாடலுக்கும் உள்ள வித்தியாசம்? ஒன்றேகால் டன் வண்டியையும் 1.7 டன் வண்டியையும் பக்கத்தில் நிறுத்தினால் வித்தியாசம் வரத்தான் செய்யும்.

மூட்டை ஐம்பது கிலோ என்றே வைத்துக்கொள்வோம். இருபது மூட்டை என்றால் ஒரு டன், முப்பத்தைந்து என்றால் ஒன்றேமுக்கால் டன். வாரா வாரம் உங்கள் வண்டியில் ஏறப்போவது எத்தனை? அதைச் சொல்லாமல் நானும் பதில் சொல்ல முடியாது, உங்கள் மாமாவும் சொல்ல முடியாது.

அடுத்து கணக்கு. ஒன்றரை லட்சத்தைக் கூடுதல் கடனாக ஐந்து வருடத்துக்குப் பத்தரை சதவீத வட்டியில் எடுத்தால் டியூ மாதம் 3,200 ரூபாய் சொச்சம் கூடும். டீசலைப் பார்ப்போம். மாதம் 2,500 கிலோமீட்டர் ஓடுகிறது, பெரிய வண்டி மலையில் லிட்டருக்கு 10 தருகிறது, சின்னது 13 தருகிறது என்று வைத்தால் 58 லிட்டர் வித்தியாசம். லிட்டர் 92 ரூபாய் கணக்கில் 5,300 வருகிறது. ஆக, சின்ன வண்டியில் மாதம் 8,500 மிச்சம். உங்கள் நண்பன் சொல்வது இதைத்தான், அதில் தப்பில்லை.

ஆனால் லோடு அதில் அடங்காமல் வாரம் ஒரு நடை கூடுதலாகப் போகவேண்டி வந்தால்? மலை அடிவாரத்துக் காட்ரோடு வழியாக வடுகபட்டி போய்வர இருநூறு கிலோமீட்டருக்குக் கொஞ்சம் குறைவாக இருக்கும். மாதம் நான்கு நடை என்றால் டீசல் மட்டும் 5,000 ரூபாய். உங்களுக்கு நான்கு நாள் தோட்ட வேலையும் போச்சு. இல்லையென்றால் எல்லோரும் செய்வதைத்தான் நீங்களும் செய்வீர்கள்: பின்னால் ஸ்பிரிங்கில் கூடுதலாக இரண்டு பட்டை போட்டு, ஒன்றேகால் டன் வண்டியில் ஒன்றேமுக்கால் ஏற்றுவீர்கள். பட்டை தாங்கும். பிரேக், கிளட்ச், ஆக்ஸில், டயர் எல்லாம் பழைய அளவுதானே? எங்கள் பட்டறைக்கு வரும் "வண்டி சரியில்லை" கேஸில் பாதி இதுதான். அதற்குக் கம்பெனி வாரன்டியும் கிடைக்காது. செக்போஸ்ட்டில் எடை போட்டால் 2019-இல் திருத்திய சட்டப்படி அபராதம் 20,000, கூடுதலாக ஏற்றிய ஒவ்வொரு டன்னுக்கும் மேலே 2,000.

மலைக்கு வருகிறேன். இன்ஜின் பவரை ஏற்றத்தை வைத்து எல்லோரும் கேட்கிறார்கள். உங்களுக்கு ஏற்றம் பிரச்சினையே இல்லை, பாதி வண்டியோடுதான் ஏறுகிறீர்கள். இறக்கம்தான் விஷயம். முழு லோடோடு பெருமாள்மலை தாண்டி இறங்கும்போது வண்டியைப் பிடித்து நிறுத்துவது பிரேக் மட்டும் அல்ல, இன்ஜினும்தான். பொலிரோவின் 2.5 லிட்டர் நான்கு சிலிண்டர் இன்ஜின் இரண்டாவது கியரில் இழுத்துப் பிடிக்கும் பிடி, 1.5 லிட்டர் மூன்று சிலிண்டரில் அதே லோடுக்கு வராது. அப்போது காலைப் பிரேக்கிலேயே வைத்திருப்பீர்கள். டம்டம் பாறை பக்கம் வண்டியை ஓரம் கட்டி, புகை வரும் பின் சக்கரத்தில் குடத்துத் தண்ணீரை ஊற்றிக்கொண்டிருப்பவர்களைப் பார்த்திருப்பீர்களே? சூடான டிரம்மில் பச்சைத் தண்ணீர் பட்டால் டிரம் விரிசல் விடும். அப்புறம் பிரேக் லைனர் மாற்ற வந்தவரிடம் நான் டிரம்முக்கும் சேர்த்துத்தான் காசு கேட்க வேண்டியிருக்கிறது. சின்ன கியரில் இறங்கினால் இந்த வேலையே இல்லை.

மூன்றாவது, நின்றால் யார் எடுப்பது. பிஎஸ்4 என்ற பழைய புகை விதி வண்டிகள் வரைக்கும் ஸ்பேனரும் சுத்தியலும் இருந்தால் ரோட்டிலேயே தேற்றிவிடுவோம். 2020 ஏப்ரலுக்குப் பிறகு வந்த பிஎஸ்6 வண்டிகளில் ஸ்கேனர் போட்டால்தான் என்ன கோளாறு என்றே தெரியும். ஒரு சென்சார் போனாலும் வண்டி பவரைக் குறைத்துக்கொண்டு ஊர்ந்து போகும். இது எல்லா கம்பெனிக்கும் பொது. அதனால் கம்பெனியைக் கேட்காதீர்கள், உங்கள் ஊர் ஜீப் ஸ்டாண்டில் போய்க் கேளுங்கள்: கொடைக்கானலில் இந்த மாடலைக் கழற்றிப் பூட்டத் தெரிந்தவர் யார், ஸ்கேனர் வைத்திருக்கிறாரா, கிளட்ச் பிளேட்டும் டீசல் பில்டரும் கடையில் கையோடு கிடைக்குமா, திண்டுக்கல்லிலிருந்து பஸ்ஸில் போட்டுவிட வேண்டுமா. மேல்மலையில் மகிந்திரா வண்டிதான் அதிகம். மாமா பொலிரோ என்று சொல்வதில் உள்ள நியாயம் இது ஒன்றுதான், ஆனால் பெரிய நியாயம். அறுவடையில் இரண்டு நாள் வண்டி நின்று, வெளியில் வாடகை வண்டி பிடித்தால் அந்த மாதத்தின் 3,200 அங்கேயே போய்விடும்.

சரி, எடையைச் சொல்லுங்கள்.

மேல்மலைக்காரன்:

அண்ணாச்சி, ரொம்ப நன்றி. எங்கள் லோடு மட்டும் என்றால் சாதாரண வாரத்தில் இருபது மூட்டை. பக்கத்துத் தோட்டத்துக்காரர்கள் இரண்டு பேர் எங்களோடு ஏற்றிவிடுவார்கள், மூட்டைக்கு இவ்வளவு என்று தருவார்கள். அதையும் சேர்த்தால் இருபத்தெட்டு, முப்பது வரும். பூண்டு எடுக்கும் சீசனில் மட்டும் நாற்பதுக்கு மேல். விலை கேட்டது ஒன்றேகால் டன் தோஸ்த்துக்கும் 1.7 பொலிரோவுக்கும்தான், நீங்கள் சொன்ன பிறகுதான் கொட்டேஷனைத் திரும்ப எடுத்துப் பார்த்தேன்.

இன்னொரு சந்தேகம். பிஎஸ்6 வண்டியில் சைலன்சர் பக்கம் ஏதோ பில்டர் அடைத்துக்கொள்ளும், மாற்ற ஒரு பெரிய தொகை ஆகும் என்கிறார்களே?

கணக்குப்பிள்ளை:

ஜிஎஸ்டி விஷயம் மட்டும் நான் சொல்கிறேன். சரக்கு வண்டிகளுக்கு ஜிஎஸ்டி 28 சதவீதத்திலிருந்து 18 ஆக 2025 செப்டம்பர் 22 முதல் குறைந்துவிட்டது. உங்கள் கொட்டேஷன் அதற்கு முந்தையதாக இருந்தால் புதிதாக வாங்குங்கள். கட்டிய வரியைத் திரும்ப எடுப்பது பதிவு செய்த, வரி கட்டும் வியாபாரிக்கு. தன் நிலத்தில் விளைந்ததை விற்கும் விவசாயி பதிவே எடுக்க வேண்டியதில்லை. ஆகவே உங்களுக்கு அந்தப் பணம் வராது. ஷோரூம் ஆள் சொன்னதை மறந்துவிட்டு முழு விலையையும் செலவாகவே எழுதுங்கள்.

பேட்ஜ் பற்றிக் கவலை வேண்டாம். மொத்த எடை 7,500 கிலோவுக்குள் இருக்கும் சரக்கு வண்டியை எல்எம்வி (கார்) லைசென்ஸை வைத்தே ஓட்டலாம் என்று 2024 நவம்பரில் சுப்ரீம் கோர்ட் அரசியல் சாசன அமர்வு சொல்லிவிட்டது. பர்மிட்டுக்கு வேறு கணக்கு. லோடோடு சேர்த்த மொத்த எடை 3,000 கிலோவைத் தாண்டாவிட்டால் பர்மிட் தேவையில்லை. கம்பெனிகள் 2,990 என்று போட்டு விற்கும் மாடல்கள் இதற்காகத்தான். 1.7 டன் மாடலில் இது எவ்வளவு என்று கேட்டு, தாண்டினால் பர்மிட் செலவையும் சேர்த்துக்கொள்ளுங்கள். தேர்ட் பார்ட்டி இன்சூரன்ஸ் 7,500 கிலோவுக்குள் எல்லா சரக்கு வண்டிக்கும் ஒன்றுதான்: 2022-இல் நிர்ணயித்தபடி 16,049, அதன் மேல் வரி. எஃப்.சி. (வண்டியின் தகுதிச் சான்று) முதல் எட்டு வருடம் இரண்டு வருடத்துக்கு ஒரு முறை, அப்புறம் வருடா வருடம்.

பட்டறை அண்ணாச்சி:

கணக்குப்பிள்ளை நல்ல வேலை செய்தார், ஷோரூமில் இதையெல்லாம் யாரும் சொல்வதில்லை.

தம்பி, பில்டர் விஷயம். டிபிஎஃப் என்பார்கள். டீசல் கரியைப் பிடித்து வைத்து, சூடு ஏறும்போது எரித்துவிடும். ஊருக்குள்ளேயே இரண்டு கிலோமீட்டர், மூன்று கிலோமீட்டர் ஓட்டி ஓட்டி நிறுத்துகிற வண்டிக்குத்தான் அது அடைக்கும். உங்களுக்கு வத்தலக்குண்டிலிருந்து கொடைக்கானல் வரை மூச்சுவிடாத ஏற்றம், புகைப்போக்கி நன்றாகச் சூடாகும், அது எரிந்துவிடும். தோட்டத்துக்கும் கடைக்கும் நடுவில் அதே வண்டியில் ஓடாதீர்கள், அதற்கு பைக் போதும். டாஷ்போர்டில் டிபிஎஃப் விளக்கு எரிந்தால் "அப்புறம் பார்க்கலாம்" என்று விடாதீர்கள். எரித்துக்கொண்டிருக்கும்போது நடுவில் சாவியைத் திருப்பி நிறுத்துவதும் கூடாது. ஏட்புளூ (புகையைச் சுத்தம் செய்யத் தனி டேங்கில் ஊற்றும் திரவம்) ஊற்ற வேண்டிய மாடலா என்றும் கேளுங்கள். வேண்டும் என்றால் அந்தச் செலவையும் டீசலோடு எழுதுங்கள். பூம்பாறையில் கிடைக்காது, கீழே வரும்போது வாங்கிப் போய் வைக்க வேண்டும்.

இப்போது உங்கள் கேள்விக்கு. முப்பது மூட்டை என்றால் ஒன்றரை டன். ஒன்றேகால் டன் வண்டி உங்களுக்கு இல்லை, அது எந்தக் கம்பெனியாக இருந்தாலும் சரி. அதே சமயம் நாற்பது மூட்டைக்காக 2 டன் வண்டியும் எடுக்காதீர்கள். சீசனில் வரும் சில வாரத்துக்காக வருடம் முழுக்கக் கூடுதல் டியூ கட்ட வேண்டாம். அந்த வாரங்களில் மிச்ச மூட்டைக்கு வாடகை வண்டி பிடியுங்கள், இல்லை இன்னொரு நடை போங்கள். 1.7 பொலிரோ சரியாக வரும். படா தோஸ்த் ஐ4-க்கும் ஒரு கொட்டேஷன் வாங்குங்கள், அப்போதுதான் இரண்டையும் ஒரே எடைக்கு ஒப்பிட முடியும். விலை வித்தியாசம் அவ்வளவு இருக்காது என்று நினைக்கிறேன். டீசல் அதில் மிச்சமாகும். ஆனால் கொடைக்கானலில் அதைப் பார்க்க ஆள் இருந்தால் மட்டும் அதற்குப் போங்கள். இல்லையென்றால் பொலிரோவே.

காசு கட்டுவதற்கு முன் டெமோ வண்டி கேளுங்கள். காலி வண்டியைத் திண்டுக்கல் பைபாஸில் ஓட்டிக் காட்டுவார்கள், அதில் ஒன்றும் தெரியாது. ஒரு டன்னாவது ஏற்றி மலையில் இறக்கச் சம்மதிக்கிறார்களா பாருங்கள். சம்மதிக்காவிட்டால் அதே மாடல் வைத்திருக்கும் ஊர்க்காரரோடு ஒரு லோடுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து வாருங்கள். எந்தக் கியரில் இறங்குகிறார், எத்தனை தடவை பிரேக் மிதிக்கிறார் என்று மட்டும் கவனியுங்கள்.

மேல்மலைக்காரன்:

ஐ4-க்கு நாளைக்கே கொட்டேஷன் கேட்கிறேன் அண்ணாச்சி. ஊரில் 1.7 பொலிரோ வைத்திருக்கும் சித்தப்பா ஒருவர் இருக்கிறார், வியாழக்கிழமை வடுகபட்டி லோடுக்கு அவரோடு இறங்குகிறேன். பாடி ஷோரூமிலேயே கட்டிக்கொள்ளலாமா, வெளியில் கட்டுவதா?

பட்டறை அண்ணாச்சி:

கம்பெனியே போட்டுத் தரும் டெக்கோடு (லோடு தொட்டி) எடுங்கள், அதுவே போதும். மேலே கேரியரும் பக்கத்துக் கம்பியும் மட்டும் வெளியில் அடித்துக்கொள்ளலாம். சேஸில் (வண்டியின் அடிச்சட்டத்தில்) எங்கும் வெல்டிங் வைக்க விடாதீர்கள், கிளாம்ப் போட்டு போல்ட்டில்தான் பிடிக்க வேண்டும். வெல்டிங் வைக்கும்போது பேட்டரி வயரைக் கழற்றாமல் வேலை பார்த்து கன்ட்ரோல் யூனிட்டை எரித்த ஆட்களும் உண்டு, அதனால் பக்கத்திலேயே நில்லுங்கள்.