மாளிகைமேட்டுக் குழியை மூடலாமா, கூடாதா?

ஒத்தவாடைப் பையன்
போன வாரம் திருவொற்றியூர்லேர்ந்து வேன் புடிச்சு குடும்பத்தோட கங்கைகொண்ட சோழபுரம் போனோம். கோயில் பத்தி சொல்லவே வேணாம். அப்புறம் மாளிகைமேடு. ராஜேந்திர சோழன் அரண்மனைன்னு வழியெல்லாம் பில்டப் குடுத்துட்டேன். என் பையன் தொல்லியல்காரங்க தோண்டின குழியை எட்டிப் பாத்துட்டு, "நம்ம ஊர்ல மெட்ரோக்கு இதைவிடப் பெருசா தோண்டினாங்களேப்பா"ன்றான். ஆய்வு முடிஞ்சா குழிய மண்ணு கொட்டி மூடிடுவாங்கன்னு வேன்ல ஒருத்தர் சொன்னாரு. அப்ப இன்னாத்துக்குத் தோண்டணும்? கூரை போட்டு தொறந்தே வைக்கணும்ன்றது என் கட்சி.

சுண்ணாம்புக் கரண்டி
மூடணும் தம்பி. நான் மண்ணடி, ராயபுரம் பழைய வீடுங்கள்ல முப்பது வருஷமா கொத்து வேலை பாக்கறவன். செங்கல்லுக்கு எமன் மழை மட்டும் இல்ல, உப்பு. தரையிலேர்ந்து ஈரம் மேல ஏறும், காத்துல காயும், உள்ள இருக்கிற உப்பு பூக்கும், மேல் தோலு பொரிஞ்சு உதிரும். மறுபடி ஈரம், மறுபடி காய்ச்சல். மண்ணுக்குள்ள ஆயிரம் வருஷம் கெடந்த கல்லு, வெளிய வந்தா நம்ம கண்ணு முன்னாடியே மாவாயிடும். கூரை மழையத்தான் தடுக்கும், கீழேர்ந்து ஏர்ற ஈரத்தை இன்னா பண்ணும்? சிமெண்ட் பூசினா இன்னும் மோசம், ஈரம் வெளிய வர வழியில்லாம கல்லையே தின்னுடும்.

வால்டாக்ஸ்
கரண்டி அண்ணே, உங்க தொழில் ஞானத்துக்கு வணக்கம். ஆனா மூடுனா என்ன ஆகும்னு நம்ம ஏரியாலயே பாருங்க. கறுப்பர் நகரத்தை, அதான் இப்போ ஜார்ஜ் டவுன், சுத்தி கோட்டைச் சுவர் கட்டி, அதுக்கு வரி போடப் பாத்தான் வெள்ளைக்காரன். அந்த வரி பேர்லதான் வால்டாக்ஸ் ரோடு. இன்னிக்கு ரோட்டுக்குப் பேர் இருக்கு, சுவரைக் காணோம். பழைய ஜெயில் ரோட்டு மாடிப் பூங்கால மட்டும் ஒரு துண்டு தப்பிச்சிருக்கு. ஏன் தப்பிச்சுது? கண்ணுல பட்டதால. ஜனங்க கண்ணுல படாத எடத்துல நாளைக்கே ஒருத்தன் பிளாட் போடுவான்.

சங்குக்கல்
பாண்டியன் இடிச்சதை நாம தோண்டி நாமளே மூடறதா, சூப்பர் 😄

ஆலங்காட்டு ரயில்
சங்குக்கல், நில்லுங்க. மாறவர்மன் சுந்தரபாண்டியன் மெய்க்கீர்த்தி, அதாவது கல்வெட்டுல ராஜா புகழ் பாடற வரி, தஞ்சையையும் உறையூரையும் கொளுத்தினதாத்தான் பீத்திக்குது. அதை அப்படியே கங்கைகொண்ட சோழபுரத்துக்குத் தூக்கிப் போடாதீங்க. அந்த ஊரை அதிகமா தின்னது சாதாரணக் கட்டட வேலைதான். 1836ல கொள்ளிடத்துல கீழணை கட்டினப்போ கோயில் மதில் கல்லையே பேத்துட்டுப் போனாங்க. கோயிலுக்கே அந்தக் கதி. அரண்மனை மேட்டைச் சுத்தி இருக்கறவங்களுக்குச் சுட்ட செங்கல் சும்மா கெடைச்சுது, எடுத்துக்கிட்டாங்க. குத்தம் சொல்ல முடியாது, யாரா இருந்தாலும் எடுப்பாங்க.

ஒத்தவாடைப் பையன், உங்க பையன் ஏமாந்ததுக்குக் காரணம் இதுதான். சாமிக்குக் கருங்கல், ராஜாவுக்குச் செங்கல்லும் மரமும் ஓடும். 1980லேர்ந்து தமிழ்நாடு தொல்லியல் துறை தோண்டினதுல செங்கல் அடித்தளம், கூரை ஓடு, ஓட்டைப் பிடிச்ச இரும்பு ஆணி, சீனாக்காரன் பச்சைப் பீங்கான் உடைசல் எல்லாம் கெடைச்சுது. 2021ல திரும்பவும் ஆரம்பிச்சாங்க. தோண்டறவங்களுக்குச் சுவர் இருந்தாத்தான்னு இல்ல. செங்கல்லை உருவின பள்ளத்துல பின்னாடி வந்து விழுந்த மண்ணு நிறம் மாறி ஒரு கோடா நிக்கும். சுவர் போயிட்டாலும் சுவரோட தடம் அதுல இருக்கும். எனக்கு அந்தக் கோடுதான் அரண்மனை.

வால்டாக்ஸ்
சரி, அந்தக் கோட்டை யாருக்குக் காட்டுவீங்க? மூடிட்டா அறிக்கையில மட்டும்தான் இருக்கும். எங்க தெருவுல எத்தனை பேர் அறிக்கை படிக்கிறான்?

சுண்ணாம்புக் கரண்டி
மூடறதுன்னா குப்பை கொட்டற மாதிரி இல்லப்பா. படம் புடிச்சு, அளவெடுத்து, அடியில சலிச்ச மணல் போட்டு, அதுக்கு மேல மண்ணு. அடுத்து தோண்டறவன் மணலைப் பாத்ததும் கையை மெதுவாக்குவான். மேல அதே வரிசையில புதுக் கல்லு வெச்சு, "உள்ள சுவர் இப்படித்தான் ஓடுது"ன்னு காட்டலாமே. புள்ளைங்க அது மேல நடக்கட்டும்.

ஒத்தவாடைப் பையன்
டூப்ளிகேட் கல்லைப் பாக்கறதுக்கு வேன் வாடகை குடுக்கணுமாண்ணே?

ஆலங்காட்டு ரயில்
அசல் வேணும்னா நம்ம சென்னைப் பக்கத்துலயே இருக்கு. கங்கைத் தண்ணிய ஊத்தி ராஜேந்திரன் சோழகங்கம் ஏரிய வெட்டினான்னு சொல்ற செப்பேடு திருவாலங்காட்டுலதான் கெடைச்சுது, அரக்கோணம் லைன்ல. அந்த ஏரிக்கு இப்போ பேரு பொன்னேரி. நம்ம கும்மிடிப்பூண்டி லைன் பொன்னேரி வேற, குழப்பிக்காதீங்க. உங்க தெருக்கோடி ஒற்றியூர் கோயில் கருவறையைக் கல்லால கட்டினதும் ராஜேந்திரன் காலத்துலதான். பின்பக்கம் யானை முதுகு மாதிரி வளைஞ்சிருக்கும், சுத்திப் பாத்திருக்கீங்களா?

ஒத்தவாடைப் பையன்
தேர் இழுக்கப் போவேன், பொங்கல் வாங்கப் போவேன். பின்பக்கம் பாத்ததில்ல சார். ஞாயித்துக்கிழமை பையனைக் கூட்டிட்டுப் போறேன். ஆனா மூடக்கூடாதுன்ற ஓட்டு மாறல. நாலு குழி தோண்டினா ஒண்ணாவது தொறந்திருக்கணும்.

சுண்ணாம்புக் கரண்டி
ஒண்ணுன்னா ஒத்துக்கறேன். எந்த ஒண்ணுன்னு கல்லைத் தொட்டுப் பாத்து நான் சொல்றேன். அடுத்த வேன்ல எனக்கும் ஒரு சீட்டு போடு.