புதுப்பிப்பு: காரைக்குடிக்கு மழை வருதான்னு ரேடார்ல பார்க்கிறது

மாடியில வத்தல் காயுறப்போ மழை வருதான்னு பார்க்க எந்த ரேடார் உதவும்னு முந்தின இழையில கேட்டிருந்தேன். நீங்க சொன்னதையெல்லாம் தோண்டிப் பார்த்ததுல கிடைச்சது இது.

நமக்குப் பக்கம் வானிலைத் துறையோட காரைக்கால் டாப்ளர் ரேடார் (ரேடியோ அலைக் கதிரை அனுப்பி, மழையில பட்டுத் திரும்புற எதிரொலியை அளக்கிறது). நேர்கோட்டுல ஏறக்குறைய 150 கி.மீ. அரை டிகிரி சாய்வுல கிளம்புற கதிர், பூமியோட வளைவும் சேர்ந்து, காரைக்குடிக்கு வர்றப்போ இரண்டரை கி.மீ. உயரத்துக்குப் போயிடுது. தாழ்வான மேகத்துத் தூறல் படத்துல விழாமலே போகலாம். இடிமழை தப்பாது, அது 10 கி.மீ.க்கு மேலயும் வளர்ற சங்கதி.

ரேடார் தர்ற 'மேக்ஸ் இசட்' படம் எல்லா உயரத்துலயும் இருக்கிற எதிரொலியில அதிகமானதை மட்டும் காட்டும். அதுல பலத்த மழைக்கான சிவப்பைப் பார்த்து "ஆச்சி, வத்தலை எடுங்க"ன்னேன். வானத்தை ஒரு பார்வை பார்த்துட்டு, "அது புதுக்கோட்டைப் பக்கம் போகுதுடா"ன்னாக. அடுத்தடுத்த படங்களை ஓடவிட்டா, மேகம் வடக்கே, புதுக்கோட்டைப் பக்கமா நகருது! ஒத்தைப் படத்தை நம்பாதீங்க.

விண்டிங்கிற வானிலைத் தளத்தோட மழை அடுக்குல தெரியுற நிறம் கணினி மாதிரிகளோட கணிப்பு, ரேடார் பார்த்தது இல்ல. ரேடார் அடுக்கைத் தனியா தேர்ந்தெடுக்கணும்.

மூலத் தரவோட விளையாட ஆசைப்பட்ட தம்பிக்கு: அமெரிக்க வானிலை ரேடார் வலையமைப்பான நெக்ஸ்ராடோட காப்பகம் இலவசம். பைதான் நிரல்மொழியில, ரேடார் தரவைப் படிக்கிற பை-ஆர்ட் தொகுப்பை நிறுவிட்டு, அமெரிக்காவோட ஓக்லஹோமா மாநிலத்து மூர் ஊர்ல 2013 மே 20 அன்னிக்கு அடிச்ச டொர்னாடோ சுழற்காற்றோட ரேடார் கோப்பு ஒண்ணை எடுங்க. பிரதிபலிப்புல (எதிரொலியோட பலம்) கொக்கி வடிவம் தெரியும். அதே இடத்துல ஒப்புமைக் கெழு (கதிர்ல படுற துகள்கள் எவ்வளவு ஒரே மாதிரி இருக்குங்கிற அளவு) சரிஞ்சிருந்தா, சுழலுறது உடைஞ்ச வீடுகளோட சிதிலம்.