போஸ்ட்கிரெஸ்: பழைய வரிகளை அழித்தும் டிஸ்க்கில் இடம் வரவில்லை

கேள்வி

வணக்கம். ரிப்போர்ட்டுக்கென்றே தனியாக ஓடும் போஸ்ட்கிரெஸ் 15 டேட்டாபேஸ். பரிவர்த்தனை டேபிளில் இரண்டு வருடத்துக்கு முந்தைய வரிகளை டெலீட் செய்தோம். பாதிக்கு மேல் போயிருக்கும். ஆனால் டிஸ்க்கில் இடம் கூடவே இல்லை, மாதாந்திர ரிப்போர்ட்டும் முன்னைவிட மெதுவாகிவிட்டது. வேக்கூம் (அழித்த வரிகளின் இடத்தைத் துப்புரவாக்கும் கட்டளை) ஓட்டியும் பலனில்லை. வேக்கூம் ஃபுல் கொடுக்கலாமா?

பதில் 1

இப்போதைக்கு வேண்டாம். வேக்கூம் ஃபுல் முடியும்வரை டேபிள் முழுதும் பூட்டிக்கிடக்கும், டேட்டாவைப் படிக்கும் செலக்ட்கூடக் காத்திருக்கும். மிஞ்சிய வரிகளைப் புது ஃபைலில் எழுதி முடித்த பிறகுதான் பழைய ஃபைலை விடும் என்பதால், டிஸ்க் நிறைந்திருந்தால் பாதியிலேயே நின்றுவிடும்.

டெலீட் செய்த வரி அங்கேயேதான் இருக்கும், செத்த வரி என்ற குறியோடு. வேக்கூம் அந்த இடத்தை அதே டேபிளில் வரும் புது வரிகளுக்கு ஒதுக்கும். ஃபைலின் கடைசிப் பக்கங்கள் காலியானால் மட்டுமே ஆப்பரேட்டிங் சிஸ்டத்துக்கு இடம் திரும்பும். பழைய டேட்டா பெரும்பாலும் ஃபைலின் முன்பக்கம் இருப்பதால் உங்களுக்கு அது நடக்கவில்லை.

ரிப்போர்ட் மெதுவானதுதான் எனக்கு உறுத்துகிறது. விவரமாக அறிக்கை தரும் வேக்கூம் வெர்போஸ் ஓட்டி, செத்தும் இன்னும் நீக்க முடியாத வரிகள் எத்தனை என்று பாருங்கள்.

கேட்டவர்

அந்த எண்ணிக்கை மிக அதிகம். பிஜி_ஸ்டாட்_ஆக்டிவிட்டியில் (இப்போதுள்ள இணைப்புகளின் பட்டியல்) பார்த்தால், டாஷ்போர்டு திறந்த ஒரு செஷன் போன வாரத்திலிருந்து 'ஐடில் இன் டிரான்சாக்ஷன்' நிலையில், அதாவது டிரான்சாக்ஷனைத் தொடங்கி முடிக்காமல் சும்மா, நிற்கிறது.

பதில் 1

அதுதான் காரணம். அந்த டிரான்சாக்ஷன் பார்க்கக்கூடும் என்பதற்காக அது தொடங்கிய பிறகு செத்த எந்த வரியையும் வேக்கூம் நீக்காது. பிஜி_டெர்மினேட்_பேக்எண்ட் கொண்டு செஷனை முடித்துவிட்டு வேக்கூம் அனலைஸ் (டேபிளின் புள்ளிவிவரத்தையும் புதுப்பிக்கும்) ஓட்டுங்கள். ஐடில்_இன்_டிரான்சாக்ஷன்_செஷன்_டைம்அவுட் இயல்பில் 0, அதாவது வரம்பே கிடையாது. ஒரு மதிப்பு வைத்துவிடுங்கள். கைவிடப்பட்ட ரெப்ளிகேஷன் ஸ்லாட் (பிரதி சர்வருக்காக வைத்த பதிவு, இதுவும் வேக்கூமைத் தடுக்கலாம்) இருக்கிறதா என்பதையும் பாருங்கள்.

பதில் 2

அடுத்த வருடமும் இதே சுத்தம் வரும் அல்லவா? டேபிளை மாதவாரியாகப் பார்ட்டிஷன்களாக, அதாவது தனித்தனித் துண்டுகளாக, பிரித்துவிடுங்கள். பழைய மாதத்தை டிட்டாச் செய்து (கழற்றி) டிராப் செய்தால் (நீக்கினால்) செத்த வரி என்ற பேச்சே இல்லை, இடமும் உடனே வரும். பதிப்பு 14 முதல் கன்கரண்ட்லி சேர்த்து டிட்டாச் செய்யலாம், ஓடும் ரிப்போர்ட் தடைபடாது. டீஃபால்ட் பார்ட்டிஷன் (எந்தத் துண்டிலும் சேராத வரிகளுக்கானது) வைத்திருந்தால் மட்டும் அது நடக்காது. பிரைமரி கீயில் தேதி நெடுவரிசையும் இருந்தாக வேண்டும்.

டிராப் செய்யுமுன் மாதக் கூட்டுத்தொகைகளைத் தனி டேபிளில் எழுதிவையுங்கள். ஐந்து வருட ஒப்பீடு வேண்டும் என்று யாராவது கட்டாயம் கேட்பார்கள், அவர்களுக்கு ஒவ்வொரு வரியும் தேவைப்படாது.

கேட்டவர்

செஷனை முடித்து வேக்கூம் அனலைஸ் ஓட்டியதும் ரிப்போர்ட் பழைய வேகத்துக்கு வந்துவிட்டது, மிக்க நன்றி. இடம் மட்டும் இன்னும் வரவில்லை. பார்ட்டிஷனுக்கு மாறும்வரை பிஜி_ரீபேக் (டேபிளைப் பூட்டிவைக்காமல் புதிதாக எழுதும் கூடுதல் கருவி) சரிவருமா?

பதில் 2

வரும். தொடக்கத்திலும் முடிவிலும் மட்டும் சிறிது நேரம் பூட்டும். பிரைமரி கீ அல்லது காலி மதிப்பு (நல்) ஏற்காத நெடுவரிசைகளில் யூனிக் இண்டெக்ஸ் வேண்டும், புதுப் பிரதிக்கும் அதன் இண்டெக்ஸ்களுக்கும் போதுமான காலி இடம் முன்கூட்டியே வேண்டும். இடம் போதாதென்றால் சிறிய டேபிள்களிலிருந்து தொடங்குங்கள்.