13 விழுக்காடு என்ற ஆய்வுச் செய்தியைக் காட்டி அழைப்பு இலக்கை உயர்த்துகிறார்கள்: எப்படி எதிர்கொள்வது?

கேள்வி: கிளைச்செயலர்

தோழர்களுக்கு வணக்கம். நான் வாடிக்கையாளர் சேவைக்கான அழைப்பு மையம் ஒன்றில் பணியாற்றுகிறேன். எங்கள் தொழிற்சங்கக் கிளையின் பொறுப்பிலும் இருக்கிறேன். சென்ற மாதம் நிர்வாகம் ஒரு சுற்றறிக்கை அனுப்பியது. விரும்புகிறவர்கள் வாரத்தில் நான்கு நாள் வீட்டிலிருந்து வேலை செய்ய விண்ணப்பிக்கலாம் என்கிறது அதன் முதல் பத்தி. நாங்களே பல காலமாகக் கேட்டு வந்த ஒன்று என்பதால் அதில் மகிழ்ச்சிதான். சிக்கல் இரண்டாவது பத்தியில் இருக்கிறது. வீட்டிலிருந்து வேலை செய்கிறவர்களின் செயல்திறன் 13 விழுக்காடு கூடுவதாக ஆய்வு ஒன்று காட்டியிருப்பதால், வீட்டுப்பணியைத் தேர்ந்தெடுப்பவர்களின் அன்றாட அழைப்பு இலக்கும் அதே 13 விழுக்காடு உயர்த்தப்படும் என்று எழுதியிருக்கிறார்கள்.

ஆதாரமாக, பணியையும் தொழிலுறவையும் ஆராயும் பல்கலைக்கழக மையம் ஒன்றின் செய்திமடலை இணைத்திருக்கிறார்கள். அதைத் தேடிப் படித்தேன். மொத்தம் நான்கே வரிகள். சிட்ரிப் என்ற சீனப் பயண நிறுவனத்தில் நடந்த சோதனை, 13 விழுக்காடு, பணிவிலகல் பாதியாகக் குறைந்தது, அவ்வளவுதான்.

அடுத்த வாரம் பேச்சுவார்த்தை. எங்கள் குழுவில் சிலர், வேறொரு நாட்டில் எப்போதோ நடந்த ஆய்வு நமக்குப் பொருந்தாது என்று ஒரே போடாகப் போட்டுவிடலாம் என்கிறார்கள். எனக்கு அதில் உடன்பாடில்லை. நமக்குச் சாதகமான ஆய்வு நாளை வெளிவந்தால் அதை எந்த முகத்தோடு மேசையில் வைப்போம்? அந்த 13 எப்படி வந்தது என்று தெரிந்தவர்கள் விளக்கினால் நன்றியுடையவனாக இருப்பேன்.

மறுமொழி: பழைய ஆய்வாளர்

தோழரே, ஆய்வைத் தூக்கி எறிய வேண்டாம் என்ற உங்கள் முடிவு சரியானது. சொல்லப்போனால், அந்த ஆய்வை முழுமையாகப் படித்தவருக்கு உங்கள் நிர்வாகத்தின் இரண்டாவது பத்தியை எழுதவே கை வராது.

அந்தச் சோதனை 2010 டிசம்பரில் தொடங்கி ஒன்பது மாதம் ஷாங்காயில் நடந்தது. ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தின் நிக்கோலஸ் புளூமும் அவருடைய கூட்டாளிகளும் எழுதிய கட்டுரை 2015-இல் வெளிவந்தது. விமானச்சீட்டு, விடுதி முன்பதிவுப் பிரிவுகளில் இருந்த 996 பேரிடம் விருப்பம் கேட்டார்கள். 503 பேர் முன்வந்தார்கள். ஆறு மாதமாவது அங்கே பணியாற்றியிருக்க வேண்டும், வீட்டில் அகலக்கற்றை இணைய இணைப்பு இருக்க வேண்டும், வேலைக்கென்று தனி அறை இருக்க வேண்டும் என்ற நிபந்தனைகளுக்குப் பிறகு எஞ்சியவர்கள் 249 பேர். பிறந்த தேதி இரட்டைப்படை எண்ணாக இருந்தவர்கள் வாரத்தில் நான்கு நாள் வீட்டிலும் ஒரு நாள் அலுவலகத்திலுமாக வேலை செய்தார்கள். ஒற்றைப்படைக்காரர்கள் அலுவலகத்திலேயே தொடர்ந்தார்கள். எனவே அந்த 13 விழுக்காடு, தாமே விரும்பி முன்வந்த, தனி அறை உள்ள, வேலை பழகியவர்களுக்கு உரியது. உங்கள் விண்ணப்பதாரர்களில் கூடத்தின் மூலையில் மடிக்கணினி வைத்துக்கொள்ளப் போகிறவர்கள் எத்தனை பேர் என்பதை முதலில் எண்ணிப் பாருங்கள்.

இதைவிட முக்கியமானது அந்த எண்ணின் உட்கூறு. 13-இல் ஏறத்தாழ 9 விழுக்காடு, ஒவ்வொரு ஷிப்டிலும் கூடுதல் நிமிடங்கள் வேலை செய்ததால் வந்தது. அதாவது இடைவேளைகள் குறைந்தன, உடல்நலக் காரணத்துக்காக எடுக்கும் விடுப்பும் குறைந்தது. மீதி 4 விழுக்காடுதான் நிமிடத்துக்கு எடுத்த அழைப்புகள் கூடியதால் வந்தது; வீட்டில் சந்தடி இல்லை என்பதே அதற்குக் கட்டுரை சொல்லும் காரணம். கட்டுரையின் சுருக்கவுரையிலேயே இந்தப் பிரிப்பு இருக்கிறது. செய்திமடல் எழுதியவர் நான்கு வரிக்குள் அடக்க வேண்டிய கட்டாயத்தில் கூட்டுத்தொகையை வைத்துக்கொண்டு கூறுகளை விட்டுவிட்டார். (நானும் இத்தகைய மையம் ஒன்றில் செய்திமடல் எழுதியவன்தான். எந்த வரியை வெட்டுவது என்று வரும்போது, எண் தப்பித்துவிடும். அந்த எண்ணை விளக்கும் வரிதான் கத்திரிக்கு இரையாகும்.)

உங்கள் நிர்வாகம் செய்வது என்ன? தொழிலாளர்கள் தம் விருப்பத்தின்பேரில் விட்டுக்கொடுத்த இடைவேளையையும், எடுக்காமல் விட்ட விடுப்பையும் இலக்காக மாற்றி எழுதுகிறது. இலக்காகிவிட்ட பிறகு அது விருப்பம் ஆகாது. காய்ச்சலோடு தலையணியை மாட்டிக்கொண்டு உட்காருவது அன்றாடக் கணக்குக்குள் வந்துவிடும். அதோடு, சிட்ரிப்பில் ஊதியத்தின் ஒரு பகுதி செயல்திறனோடு இணைந்திருந்தது. கூடுதலாகச் செய்தவர்களின் வருமானமும் கூடியது. உங்கள் சுற்றறிக்கையில் இலக்கு உயர்வைப் பற்றி இருக்கிறது. ஊக்கத்தொகையைப் பற்றி ஏதாவது இருக்கிறதா?

மறுமொழி: மறுபக்க இருக்கை

நான் மனிதவளத் துறையில் இருப்பவன். பேச்சுவார்த்தை மேசையில் ஐயா அவர்களுக்கு எதிரே உட்காரும் ஆள். ஆயினும் முந்தைய மறுமொழியில் பெரும்பாலானதை ஏற்கிறேன்.

நிர்வாகத் தரப்பு என்ன பதில் சொல்லும் என்பதைச் சொல்லிவிடுகிறேன், நீங்கள் ஆயத்தமாகப் போகலாம். பயண நேரமும் செலவும் மிச்சமாகின்றன, அந்த ஆதாயத்தில் ஒரு பங்கை நிறுவனம் கேட்பதில் என்ன தவறு என்பார்கள். கேட்பதில் தவறில்லை என்றே நானும் சொல்வேன். ஆனால் அந்த ஆதாயம் இரு தரப்புக்கும் உரியது. சிட்ரிப் இந்தச் சோதனையில் இறங்கியதற்கே ஷாங்காயின் அலுவலக வாடகை ஒரு காரணம். வீட்டுக்கு அனுப்பிய ஒவ்வொருவராலும் இடச்செலவு குறைந்தது. பணிவிலகல் பாதியானதால் புதியவர்களைத் தேடிப் பயிற்றுவிக்கும் செலவும் குறைந்தது. இவ்விரண்டையும் எங்கள் தரப்பு தானாகக் கணக்கில் காட்டாது. நீங்கள்தான் கேட்க வேண்டும்.

இன்னொன்று, சோதனை முடிந்ததும் நிறுவனம் அனைவருக்கும் மறுபடி தேர்ந்தெடுக்கும் வாய்ப்பைத் தந்தது. வீட்டில் இருந்தவர்களில் பாதிப் பேர் அலுவலகத்துக்கே திரும்பிவிட்டார்கள். தனிமை தாங்கவில்லை என்பது பலர் சொன்ன காரணம். வீட்டுப்பணி யாருக்கு ஒத்துவந்ததோ அவர்கள் மட்டும் அங்கே தங்கியபோது அதன் பலன் 22 விழுக்காடு வரை உயர்ந்தது. ஆகவே, எப்போது வேண்டுமானாலும் அலுவலகத்துக்குத் திரும்பும் உரிமை என்பது நிர்வாகம் இரக்கப்பட்டுத் தரும் சலுகை அல்ல. அதுதான் பலனையே ஏறத்தாழ இரட்டிப்பாக்கியது. உங்கள் ஒப்பந்தத்தில் அந்த ஒரு வரியை வாங்கிவிட்டால் எனக்குத் தெரிந்த எந்த நிதி மேலாளரும் அதை எதிர்த்து நீண்ட நேரம் வாதாட முடியாது.

பதவி உயர்வையும் மறக்காதீர்கள். ஒரே அளவு செயல்திறன் காட்டியவர்களை ஒப்பிட்டபோது, வீட்டில் இருந்தவர்களுக்குப் பதவி உயர்வு கிடைக்கும் வாய்ப்பு குறைந்திருந்தது. கண்ணில் படாதவர் கணக்கில் வருவதில்லை என்பது எங்கள் துறையில் எல்லோருக்கும் தெரிந்ததே. எழுத்தில் ஒப்புக்கொள்பவர்கள் குறைவு.

மறுமொழி: கிளைச்செயலர்

இருவருக்கும் மிக்க நன்றி. ஊக்கத்தொகையைப் பற்றிச் சுற்றறிக்கையில் ஒரு சொல்கூட இல்லை. தனி அறை பற்றியும் இல்லை. விண்ணப்பப் படிவத்தில் இணைய வேகத்தை மட்டும் கேட்டிருக்கிறார்கள்.

குழுவில் ஒருவர் எழுப்பிய ஐயத்தை அப்படியே வைக்கிறேன். அந்தக் கட்டுரையின் ஆசிரியர்களில் ஒருவரான ஜேம்ஸ் லியாங், சிட்ரிப் நிறுவனத்தைத் தோற்றுவித்தவர்களில் ஒருவராமே! முதலாளியே எழுதிய ஆய்வை எப்படி நம்புவது என்று அவர் கேட்கிறார். மேலும், செயல்திறனில் மாற்றமே இல்லை என்று வேறொரு செய்தியும் கண்ணில் பட்டது. எது சரி?

மறுமொழி: பழைய ஆய்வாளர்

இரண்டாவது கேள்வி எளியது. நீங்கள் பார்த்தது 2024-இல் நேச்சர் என்ற அறிவியல் இதழில் வந்த கட்டுரையாக இருக்கும். அதே நிறுவனம், இப்போது டிரிப்.காம் என்ற பெயரில். அதே புளூம், லியாங் ஆகியோருடன் இன்னொருவர். ஆனால் வேலை வேறு. அழைப்பு மையப் பணியாளர்களுக்குப் பதிலாகப் பொறியியல், சந்தைப்படுத்தல், நிதி முதலிய பிரிவுகளைச் சேர்ந்த 1,612 பேர், ஆறு மாத காலம், வாரத்தில் இரண்டே நாள் வீடு. பணிவிலகல் மூன்றில் ஒரு பங்கு குறைந்தது. செயல்திறன் மதிப்பீட்டிலும் பதவி உயர்விலும் வேறுபாடு தென்படவில்லை. பணிவிலகல் குறைந்ததிலும் ஒரு நுணுக்கம் உண்டு. மேலாளர் அல்லாதவர்கள், பெண்கள், நெடுந்தொலைவிலிருந்து வருகிறவர்கள் ஆகியோரிடம்தான் அந்த மாற்றம் தெளிவாகத் தெரிந்தது. ஆகவே இரண்டு ஆய்வுகளும் ஒன்றையொன்று மறுக்கவில்லை. வெவ்வேறு வேலையில், வெவ்வேறு அளவில், வெவ்வேறு ஆட்களிடம் செய்யப்பட்டவை. உங்கள் வேலைக்கு நெருக்கமானது முதலாவதுதான்.

முதல் கேள்வி கடினமானது, நல்லதும்கூட. லியாங்கின் நிறுவனத் தொடர்பு ஒளித்துவைக்கப்பட்ட செய்தி அல்ல. யார் வீட்டுக்குப் போவது என்பதைப் பிறந்த தேதி முடிவு செய்ததால், கெட்டிக்காரர்களை மட்டும் பொறுக்கி வீட்டுக்கு அனுப்பி எண்ணை ஏற்றிக்காட்ட முடியாது. அந்த அளவில் முடிவை நம்பலாம். ஆனால் எதை அளப்பது என்று தீர்மானிக்கும் இடத்தில் யார் இருந்தார்கள் என்பது அப்படியே நிற்கிறது. அழைப்புகளும் நிமிடங்களும் நிறுவனத்தின் கணினியில் ஏற்கெனவே பதிவாகிக்கொண்டிருந்தவை. அதனால் அவை கட்டுரையின் மையத்துக்கு வந்தன. இடைவேளை குறைந்தது தொழிலாளிக்கு நல்லதா கெட்டதா என்பதைக் கணினி பதிவு செய்வதில்லை.

மறுமொழி: கதவு தட்டியவள்

இந்தக் கடைசிக் கருத்தை ஒட்டிச் சிலவற்றைச் சொல்ல விரும்புகிறேன். நான் பல ஆண்டுகள் பணியிட ஆய்வுகளுக்காகக் களத்தில் வினாத்தாள் நிரப்பியவள். கட்டுரை எழுதியதில்லை.

யாரிடம் கேட்பது என்பது இந்தத் துறையின் பழைய வழக்கு. பிரிட்டனில் பணியிட உறவுகளைப் பற்றிய தேசிய ஆய்வு 1980, 1984, 1990 ஆகிய ஆண்டுகளில் நடந்தபோது மேலாளர்களையும் தொழிலாளர் பிரதிநிதிகளையும்தான் கேட்டார்கள். அதே பணியிடங்களின் சாதாரணத் தொழிலாளர்களுக்கென்று தனி வினாத்தாள் 1998-இல்தான் சேர்ந்தது. 2011 சுற்றில் ஏறத்தாழ 2,680 பணியிடங்களும் 22,000 தொழிலாளர்களும் இடம்பெற்றார்கள். ஒரே பணியிடத்தைப் பற்றி மேலாளர் சொல்வதையும் அவருக்குக் கீழே இருப்பவர் சொல்வதையும் அடுத்தடுத்து வைத்துப் படிக்க முடிவதே அந்த ஆய்வின் பெருமை.

இன்னும் பின்னே போனால், அமெரிக்காவில் தொலைபேசிக் கருவிகள் செய்த வெஸ்டர்ன் எலெக்ட்ரிக் நிறுவனத்தின் ஹாதார்ன் ஆலைச் சோதனைகள் இருக்கின்றன. ஐந்து பெண்களைத் தனி அறையில் வைத்துத் தொலைபேசி ரிலே என்ற மின்விசைக் கருவியைப் பொருத்தச் செய்தார்கள், உற்பத்தி கூடியது என்பதை எல்லோரும் எடுத்துச் சொல்வார்கள். அந்த ஐவரில் இருவரை, வேலையில் கவனமின்றிப் பேசிக்கொண்டிருக்கிறார்கள் என்று 1928-இல் மாற்றிவிட்டு வேறு இருவரை அமர்த்தினார்கள் என்பது செய்திகளில் அரிதாகவே இடம்பெறும்.

என் கண்முன் நடந்த ஒன்றையும் சொல்கிறேன். எந்த நிறுவனம் என்பது வேண்டாம். வினாத்தாளை நிரப்ப ஒதுக்கப்பட்ட இடம் மேற்பார்வையாளரின் அறை. அவர் எழுந்து வெளியே போய்விட்டார், ஆனால் அவருடைய நாற்காலியில் மேலங்கி தொங்கிக்கொண்டிருந்தது. இடைவேளை போதுமானதா என்ற கேள்விக்கு ஐந்து கட்டங்கள். ஓர் அம்மா பேனா முனையை நான்காவது கட்டத்தின்மேல் வைத்து, கதவைப் பார்த்து, பிறகு இரண்டாவது கட்டத்தில் குறியிட்டார். இரண்டாவது என்றால் போதுமானது என்று பொருள். என் தாளில் அது ஒரு 2; அறிக்கையில் ஒரு விழுக்காட்டின் சிறு துளி.

அதனால் கிளைச்செயலர் தோழருக்கு ஒரு யோசனை. அடுத்தவர் ஆய்வை மட்டும் சுமந்துகொண்டு போகாதீர்கள். உங்கள் உறுப்பினர்கள் இப்போது ஒரு ஷிப்டில் எடுக்கும் இடைவேளை நிமிடங்களை, பெயர் குறிப்பிடாமல், இரண்டு வாரம் அவர்களே குறித்துவைக்கட்டும். வீட்டுப்பணி தொடங்கிய பிறகும் அதேபோல் இரண்டு வாரம். நிர்வாகத்தின் கணினியில் இல்லாத எண் அதுதான்.

மறுமொழி: கிளைச்செயலர்

நேற்று மாலை குழுவைக் கூட்டி இவற்றையெல்லாம் படித்துக் காட்டினேன். ஆய்வைப் புறக்கணிக்கலாம் என்று சொன்ன தோழர்தான் இப்போது கட்டுரையின் நகலை எடுத்து, 9 என்ற எண்ணைச் சிவப்பு மையால் வட்டமிட்டு வைத்திருக்கிறார். இலக்கு உயர்வை முற்றிலும் நீக்கக் கோருவது, நிர்வாகம் இறங்கி வராவிட்டால் நிமிடத்துக்கான வேகத்தில் வந்த 4 விழுக்காட்டைப் பற்றி மட்டும், அதுவும் ஊக்கத்தொகையோடு சேர்த்துப் பேசுவது, இடைவேளையும் விடுப்பும் எந்தக் கணக்கிலும் சேராது என்று எழுதி வாங்குவது, திரும்பிவரும் உரிமையைத் தனிப் பிரிவாகக் கேட்பது என்று முடிவு செய்திருக்கிறோம்.

இடைவேளைக் குறிப்பு நாளை காலை ஷிப்டிலிருந்து தொடங்குகிறது. தாளில் கட்டங்கள் இல்லை. எழுந்த நேரம், உட்கார்ந்த நேரம் என்று இரண்டே பத்திகள்.

மறுமொழி: மறுபக்க இருக்கை

4 விழுக்காட்டை நீங்களாக முதலில் வாய்விட்டுச் சொல்லிவிடாதீர்கள், ஐயா. தனி அறை இருந்தவர்களுக்கே அந்த 4 கிடைத்தது என்பதைச் சொல்லிவிட்டு, எதிர்ப்பக்கம் பேசும்வரை காத்திருங்கள்.