ஸ்டெபிலைசேஷன் ஸ்பிளின்ட் ஆய்வு: கன்ட்ரோல் குழுவுக்கு என்ன கொடுப்பது?

அக்ரிலிக்பொடி:
வணக்கம். மெல்லும் தசையில் வலி உள்ள டிஎம்டி (தாடை மூட்டு, தசைக் கோளாறு) நோயாளிகளுக்கு ஸ்டெபிலைசேஷன் ஸ்பிளின்ட் (பற்களின் மேல் மாட்டும் கடின அக்ரிலிக் தட்டு) எவ்வளவு உதவுகிறது என்பது என் முதுகலை ஆய்வு. முதல் வரைவில் ஒரே குழுதான்: 20 பேர், ஸ்பிளின்ட் கொடுப்பதற்கு முன்பும் 3 மாதம் கழித்தும் வலி அளவு, மாசெட்டர் (கன்னத்து மெல்லும் தசை) இஎம்ஜி (தசையின் மின்செயல்பாட்டுப் பதிவு), சிபிசிடி (தாடையின் 3டி எக்ஸ்ரே). கன்ட்ரோல் குழு இல்லை என்று எதிக்ஸ் கமிட்டி திருப்பி அனுப்பிவிட்டது. கன்ட்ரோல் ஆட்களுக்கு எதுவும் கொடுக்காமல் விடலாமா, போலி ஸ்பிளின்ட் கொடுக்க வேண்டுமா? போலி என்றால் எப்படிச் செய்வது? எத்தனை பேர் வேண்டும்?

தாடைமூட்டு:
கமிட்டி சொன்னது சரி. டிஎம்டி வலி ஏறி இறங்கும் வலி. வலி உச்சத்தில் இருக்கும்போதுதான் ஆள் மருத்துவரைத் தேடி வருவார்; நீங்கள் ஒன்றுமே செய்யாவிட்டாலும் 3 மாதத்தில் பலருக்குக் குறையும். ஒரே குழுவை வைத்து அளந்தால் அந்தக் குறைவு முழுவதும் ஸ்பிளின்ட் கணக்கில் போய்ச் சேரும். எதுவும் கொடுக்காத குழுவும் போதாது. ஒருவருக்கு அளவெடுத்து, பொருத்தி, நாலு தடவை வரவழைத்துக் கவனிப்பதே வலியைக் குறைக்கும். அதையும் சமன் செய்ய, பற்களின் கடிக்கும் பரப்பை மூடாத அண்ண ஸ்பிளின்ட் கொடுங்கள். இரு குழுவுக்கும் ஒரே ஆலோசனை: தாடைக்கு ஓய்வு, மென்மையான உணவு, பகலில் பல்லைக் கடித்து வைத்திருக்கும் பழக்கத்தை விடுவது. 12 வாரம் முடிந்ததும் கன்ட்ரோல் ஆட்களுக்கும் நிஜ ஸ்பிளின்ட் தருவதாக ஒப்புதல் படிவத்திலேயே எழுதிவிட்டால் எதிக்ஸ் சிக்கலும் குறையும்.

அதைவிட முக்கியம், யாரைச் சேர்க்கிறீர்கள் என்பது. "தாடை வலி" என்று வந்தவரையெல்லாம் சேர்க்காதீர்கள். டிஎம்டியைக் கண்டறிய 2014இல் வெளியான டிசி/டிஎம்டி அளவுகோலைப் பின்பற்றுங்கள். 1992இன் ஆர்டிசி பதிப்பு பழையது. மயால்ஜியா (தசை வலி) என்று சொல்ல, கடந்த 30 நாளில் தாடை அசைவால் கூடிக் குறையும் வலி இருந்திருக்க வேண்டும். நெற்றிப்பொட்டுத் தசையான டெம்போராலிஸையோ மாசெட்டரையோ 1 கிலோ அழுத்தத்தில் தொடும்போது, அல்லது வாயை முழுக்கத் திறக்கும்போது, "எனக்கு வழக்கமாக வருகிற வலி இதுதான்" என்று அவரே சொல்லவும் வேண்டும். அழுத்தினால் யாருக்கும் வலிக்கும். பழகிய வலியா என்று கேட்பதில்தான் இந்த முறையின் உயிர் இருக்கிறது. சாதாரண மயால்ஜியாவுக்கு 2 விநாடி அழுத்தினால் போதும். வலி வேறிடத்துக்குப் பரவுகிறதா என்று பிரிக்க 5 விநாடி. மூட்டின் பக்கவாட்டு முனைக்கு அரை கிலோ மட்டும். டிஜிட்டல் தராசின் மேல் விரல் நுனியை அழுத்தி, எண்ணைப் பார்க்காமலே 1 கிலோ வரும்வரை பழகுங்கள்.

அதே அளவுகோலில் மனநிலையைக் கேட்கும் ஆக்ஸிஸ் 2 கேள்வித்தாள்களை விட்டுவிடாதீர்கள். மனச்சோர்வும் பதற்றமும் ஒரே பக்கம் குவிந்தால் முடிவே திரும்பிவிடும்.

சிபிசிடியை எடுத்துவிடுங்கள். அதில் டிஸ்க் (மூட்டுக்குள் இருக்கும் மெத்தை போன்ற தட்டு) தெரியாது, எலும்பு மட்டும் தெரியும். தசை வலி ஆய்வில் அது வீண் கதிர்வீச்சு. டிஸ்க் பற்றிப் பேசத்தான் வேண்டும் என்றால் எம்ஆர்ஐ. கிளிக் சத்தத்தை மட்டும் நம்பினால், வாய் திறக்கும்போது இடத்துக்குத் திரும்பி வரும் டிஸ்க் நகர்வைக் கண்டுபிடிக்கும் உணர்திறன் 34 சதவீதம்தான்.

இஎம்ஜியும் முதன்மை அளவாக வேண்டாம். எலக்ட்ரோடு கொஞ்சம் இடம் மாறினாலோ, தோலைச் சரியாகத் துடைக்காவிட்டாலோ, கன்னத்தில் கொழுப்பு கூடினாலோ எண் மாறும். கைடு பிடிவாதமாக இருந்தால், அதிகபட்சக் கடிப்பின் சதவீதமாக மாற்றி இரண்டாம் நிலை அளவாக வைத்துக்கொள்ளுங்கள்.

மெழுகுக்கத்தி:
செய்முறைக்கு வருகிறேன். இரு குழுவுக்கும் ஒரே இம்ப்ரெஷன் (பல் அச்சு), ஒரே ஃபேஸ்போ (மேல்தாடை மூட்டுக்கு எங்கே இருக்கிறது என்று பதியும் கருவி), ஒரே கடி பதிவு எடுங்கள். எந்தக் குழு என்ற உறையை அதன் பிறகே திறக்க வேண்டும். முன்னால் திறந்தால் அளவெடுக்கும் கவனமே மாறிவிடும்.

நிஜ ஸ்பிளின்ட்: மேல்தாடை, எல்லாப் பற்களையும் மூடும் கடின அக்ரிலிக், கடைசி மோலாரில் 1.5 முதல் 2 மி.மீ. கனம். லீஃப் கேஜ் (முன்பற்களுக்கிடையே வைக்கும் மெல்லிய தகடுகளின் அடுக்கு) வைத்துத் தசையைத் தளர்த்திவிட்டு, ஸ்பிளின்டின் கனம் எவ்வளவோ அதே திறப்பில் சென்ட்ரிக் ரிலேஷனை (பற்களைச் சாராமல் மூட்டு அமரும் தாடை நிலை) பதியுங்கள். பதிவு ஒரு திறப்பில், ஸ்பிளின்ட் வேறு திறப்பில் என்று ஆர்டிகுலேட்டர் (தாடை அசைவைக் காட்டும் லேப் கருவி) பின்னை ஏற்றினால் ஹிஞ்ச் அச்சின் (தாடை சுழலும் அச்சு) பிழை உள்ளே வந்து, வாயில் வைக்கும்போது பின்பற்கள் முதலில் முட்டும். சேரில் அரை மணி நேரம் தேய்க்க வேண்டி வருவது பெரும்பாலும் இதனால்தான்.

பிராசஸ் முடிந்ததும் பிளாஸ்கை (அக்ரிலிக்கை வேகவைக்கும் உலோக அச்சுப்பெட்டி) மேசையிலேயே மெதுவாக ஆறவிடுங்கள். குழாய்த் தண்ணீரில் காட்டினால் வளையும். கொடுப்பதற்கு முன் ஒரு நாள் தண்ணீரில் ஊறட்டும், மிச்ச மோனோமர் (இறுகாத அக்ரிலிக் திரவம்) குறையும்.

வாயில் முதலில் ஆடுகிறதா என்று பாருங்கள். ஆடினால் உள்பக்கத்தைச் சரிசெய்யாமல் கடியைத் தொடாதீர்கள். பிறகு கறுப்புத் தாளில் சென்ட்ரிக், சிவப்பில் பக்க அசைவுகள். கீழ்ப் பின்பற்களின் ஃபங்ஷனல் கஸ்ப் (கடியைத் தாங்கும் முகடு) எல்லாம் தட்டையான பரப்பில் சமமாகத் தொட வேண்டும், முன்பற்கள் சற்று லேசாக. பக்கவாட்டில் கேனைன் (கோரைப்பல்) மட்டும் தொட்டு, பின்பற்கள் உடனே விலக வேண்டும். தாளின் அடையாளம் பலத்தைக் காட்டாது. 8 மைக்ரான் ஷிம்ஸ்டாக்கை (மெல்லிய உலோகப் படலம்) ஒவ்வொரு பல்லிலும் இழுத்துப் பாருங்கள்.

போலி ஸ்பிளின்ட்: அதே அக்ரிலிக், அதே அண்ணக் கனம், கடைவாயில் கிளாஸ்ப் (பல்லைப் பிடிக்கும் கம்பிக் கொக்கி). கடிக்கும் பரப்பில் அக்ரிலிக் கூடாது, கிளாஸ்ப் கம்பியும் எதிர்ப்பல்லில் முட்டக் கூடாது. டீப் பைட் (மேல் முன்பற்கள் கீழ்ப்பற்களை அதிகமாக மூடும் கடி) உள்ளவர்களுக்குக் கீழ் முன்பற்கள் அண்ண அக்ரிலிக்கில் இடித்து அது முன் கடி தட்டாகவே மாறிவிடும். அவர்களைத் தொடக்கத்திலேயே விலக்குங்கள்.

1, 2, 4 வாரங்களில் மறுபரிசோதனை. தசை தளர்ந்ததும் தாடை கொஞ்சம் இடம் மாறும், தொடர்புகளும் மாறும். போலிக் குழுவிலும் அதே நேரம் செலவழித்து, ஓரத்தை லேசாகப் பாலிஷ் செய்து கொடுங்கள்.

பீமதிப்பு:
முதன்மை அளவு ஒன்றே ஒன்று: கடந்த ஒரு வாரத்தின் சராசரி வலி, 0 முதல் 10, 12ஆம் வாரத்தில். குழுக்களிடையே 1.5 வித்தியாசம், திட்ட விலக்கம் 2, 80 சதவீதப் பவர் (நிஜ வித்தியாசத்தைப் பிடிக்கும் வாய்ப்பு), 5 சதவீத ஆல்ஃபா (இல்லாத வித்தியாசத்தை இருப்பதாகச் சொல்லும் வாய்ப்பு) என்றால் குழுவுக்கு 28 பேர். 20 சதவீதம் பேர் பாதியில் நின்றுவிடுவார்கள் என்று வைத்தால் 35. ஆரம்ப வலியைக் கணக்கில் சேர்த்துக் குழுக்களை ஒப்பிடும் ஆன்கோவா செய்து, இரண்டு அளவுகளுக்கும் 0.5 தொடர்பு இருந்தால் 28 என்பது 21 ஆகும். ஆனால் அந்த 0.5 உங்கள் ஊகம், அதை நம்பி எண்ணிக்கையைக் குறைக்காதீர்கள்.

முன்-பின் டி டெஸ்டைக் குழுவுக்குக் குழு தனியாகப் போட்டு, "பி மதிப்பு இங்கே 0.03, அங்கே 0.08, ஆகவே ஸ்பிளின்ட் சிறந்தது" என்று எழுதும் ஆய்வுகள் ஏராளம். அது ஒப்பீடே இல்லை.

குலுக்கலில் ஆட்களைப் பிரிக்கும் பிளாக் (ஒரு தொகுதி) அளவு 4, 6 என்று மாறி மாறி. உறை ஒளிபுகாததாக இருக்கட்டும். அளப்பவர் வேறு ஆள். அவர் முன் போவதற்குள் ஸ்பிளின்டைக் கழற்றிப் பெட்டியில் வைக்கச் சொல்லுங்கள். முதல் ஆளைச் சேர்ப்பதற்கு முன்பே ட்ரையல் பதிவு.

அக்ரிலிக்பொடி:
தெளிவாகிவிட்டது, நன்றி. ஒரு கேள்வி: லேபில் 3டி பிரின்டர் இருக்கிறது. பிரின்ட் செய்தால் வேலை குறையுமே?

மெழுகுக்கத்தி:
செய்யலாம், இரு குழுவுக்கும் ஒன்றேயாக இருந்தால். சப்போர்ட் கம்பிகள் உள்பக்கத்திலும் கடிக்கும் பரப்பிலும் வரக் கூடாது. ஆல்கஹாலில் சொன்ன நேரத்துக்கு மேல் ஊறினால் ரெசின் மென்மையாகும். க்யூரிங் (ஒளியில் இறுக வைப்பது) குறைந்தால் 12 வாரத்துக்குள் கடிப் பள்ளம் விழுந்து, நீங்கள் சரிசெய்த தொடர்பெல்லாம் போய்விடும்.

தாடைமூட்டு:
குறட்டையும் பகல் தூக்கமும் உள்ளவர்களை ஸ்லீப் ஆப்னியாவுக்குச் (தூக்கத்தில் மூச்சு நிற்பது) சலித்து விலக்குங்கள். மேல்தாடை ஸ்பிளின்ட் சிலருக்கு மூச்சுத் தடையைக் கூட்டலாம். வலி மாத்திரை போட்ட நாட்களை டைரியில் எழுதச் சொல்லுங்கள், அது தெரியாமல் வலி எண்ணுக்கு அர்த்தமில்லை.