பிரேக் இல்லாத பைக்குல ஒரு டச்சுக்காரர் எப்படி சம்பாதிச்சார்?

காவேரிப்பட்டினத்தான்:
ஓசூர்ல பைக் கம்பெனில அசெம்பிளி லைன் வேலை எனக்கு. ரூம்ல தியோ பைப்பர்னு நெதர்லாந்து ஸ்பீட்வே (மண் தட பைக் ரேஸ்) ரைடரோட பழைய வீடியோ ஓடுச்சு. நாலு பேர், மண் தடம், வளைவு முழுக்க பின்சக்கரத்தை இழுத்துக்கிட்டே போறாங்க. வண்டியில பிரேக்கே இல்லையாமே, நிஜமா? அவர் டச்சுக்காரர், அப்புறம் எதுக்கு ஸ்காட்லாந்து டீமுக்கு ஓட்டினார்?

தொப்பூர் லாரிக்காரன்:
எங்க கணவாய்ல பிரேக் புடிக்கலைன்னா மறுநாள் பேப்பர்ல போட்டோ வரும். அவனுங்களுக்கு கப்பு குடுக்கறாங்களா? நல்லா இருக்குய்யா!

பழைய ஜாவா மெக்கானிக், கிருஷ்ணகிரி:
நிஜம்தான் தம்பி. 500 சிசி, ஒத்தை சிலிண்டர், ஒரே கியர், பெட்ரோலுக்குப் பதிலா மெத்தனால்ங்கற ஆல்கஹால்ல ஓடும். முன்னாடி போறவன் சட்டுனு பிரேக் அடிச்சா பின்னாடி வர்ற மூணு பேரும் அவன் மேலதான் ஏறுவான். அதான் வைக்கறதே இல்ல. வண்டியைச் சாய்ச்சு பின்சக்கரத்தை வழுக்க விட்டாலே வேகம் குறைஞ்சிரும். தடம் இடப்பக்கமாவே சுத்தும், அதனால இடது பூட்ஸ் அடியில இரும்புத் தகடு மாட்டி தரையில தேய்ச்சிக்கிட்டே போவாங்க. நம்ம ஊர்ல அந்தக் காலத்து ஜாவா பைக்குன்னா புகை விட்டுக்கிட்டுப் போற டூ ஸ்ட்ரோக். அதே பேர்ல செக் நாட்டுக்காரங்க ஸ்பீட்வேக்குன்னே ஃபோர் ஸ்ட்ரோக் வண்டி செஞ்சாங்க. அதுக்கு இன்ஜின் ஆயிலா ஊத்தறது ஆமணக்கெண்ணெய்! அந்த வாசனைக்காகவே கிரவுண்டுக்கு வர்ற ஆளுங்க உண்டு.

ஸ்காட்லாந்துக்கு ஏன் போனார்னு கேட்டே. நெதர்லாந்துல புல்தரை ரேஸ் நல்லா நடக்கும், ஆனா ஸ்பீட்வே ஓட்டியே குடும்பம் நடத்தற அளவுக்கு அங்க லீக் கிடையாது. காசு பிரிட்டன், போலந்து, ஸ்வீடன்லதான். பைப்பர் எடின்பரோ மோனார்க்ஸ்ல சேர்ந்தார். எடின்பரோன்னு பேரு, அப்போ தடம் இருந்தது ஆர்மடேல்ங்கற சின்ன ஊர்ல. வெள்ளிக்கிழமை ராத்திரி மேட்ச் நடந்துச்சு. 2003ல அந்த டீம் பிரிட்டன் ஸ்பீட்வே பிரீமியர் லீக்கை ஜெயிச்சப்போ அவரும் இருந்தார்.

காவேரிப்பட்டினத்தான்:
மாசச் சம்பளமா அண்ணா?

பழைய ஜாவா மெக்கானிக், கிருஷ்ணகிரி:
இல்லப்பா, பாயிண்டுக்குக் காசு. முதல்ல வந்தா 3, அப்புறம் 2, 1, கடைசி ஆளுக்கு முட்டை. ஒரு ஓட்டம்னா நாலு ரவுண்டு, ஒரு நிமிஷம் சொச்சம்தான். நாலு ஓட்டமும் ஜெயிச்சா 12. எனக்கு ரொம்பப் புடிச்சது போனஸ் கணக்கு. சொந்த டீம்காரன் பின்னாடி ரெண்டாவதா வந்தா கூடுதலா ஒரு பாயிண்டுக்குக் காசு உண்டு. அவனை முந்தறேன்னு முட்டிக்காம, எதிராளியை மறிச்சிக்கிட்டு வரணும்னுதான் அப்படி வச்சிருக்கான். யோசிச்சவன் கெட்டிக்காரன். ஆனா வண்டி, இன்ஜின், டயர், கூட வர்ற மெக்கானிக் எல்லாம் ரைடர் கைக்காசு. எலும்பு முறிஞ்சு படுத்தா வருமானமும் படுத்திரும்.

டச்சுக்காரங்க நெஜமா கொடி கட்டினது லாங்ட்ராக்ல. அதே மாதிரி பந்தயம்தான், ஆனா தடம் பெருசு, சிலது 1000 மீட்டர். ஜானிக் டி யாங் 2015ல உலக சாம்பியன். பைப்பரும் நெதர்லாந்து அணிக்கு லாங்ட்ராக் ஓட்டியிருக்கார். புல்லுல பழகினவங்களுக்கு அது கை வந்த கலை.

காவேரிப்பட்டினத்தான்:
ரூம்மேட் அவன் ஸ்ப்ளெண்டர்ல பிரேக்கைக் கழட்டி டேம் பக்கம் ஓட்டிப் பாக்கலாம்ங்கறான் அண்ணா.

பழைய ஜாவா மெக்கானிக், கிருஷ்ணகிரி:
சாவியைப் புடுங்கி நீ வச்சிக்கோ. ஸ்பீட்வே ரைடர் மணிக்கட்டுல ஒரு கயிறு கட்டியிருப்பான், விழுந்தா அது பிச்சிக்கிட்டு இன்ஜின் ஆஃப் ஆயிரும். உன் ரூம்மேட்டுக்கு அதுவும் இல்ல.