மறு: பேட்ச் இன்புட் – ‘ஈடு’ என்று வைத்துக்கொள்ளலாமா?

நண்பர்களுக்கு வணக்கம். பதிவுச் சேகரிப்பு மென்பொருள்களின் கையேட்டில் வரும் ‘பேட்ச் இன்புட்’ (கோப்புகளை மொத்தமாக உள்ளே ஏற்றும் முறை) என்பதற்குத் தமிழ்ச் சொல் தேடிக்கொண்டிருக்கிறோம். அதற்கு வந்த ஒரு மறுப்பு:

> பேட்ச் என்றால் தொகுதி. அகராதியிலேயே இருக்கிறது. இதற்கு எதற்கு இத்தனை மடல்?

அகராதியில் இருப்பது உண்மைதான். ஆனால் தொகுதிக்கு ஏற்கெனவே தலைக்கு மேல் வேலை. தேர்தல் வந்தால் சட்டமன்றத் தொகுதி. பள்ளிக் கணக்கில் பின்னத்தின் மேலே உட்கார்ந்திருப்பது தொகுதி, கீழே இருப்பது பகுதி. பத்துச் சிறுகதைகளைச் சேர்த்து அச்சடித்தால் அதுவும் தொகுதி. இலங்கைப் பாடநூலில் நரம்புத் தொகுதி, சமிபாட்டுத் தொகுதி என்று ஓர் அமைப்பு முழுவதையுமே அந்தச் சொல் குறிக்கிறது. இங்கே அதை மண்டலம் என்கிறோம். கையேட்டில் ‘தொகுதி உள்ளீடு’ என்று எழுதினால் யாழ்ப்பாணத்தில் படிப்பவர் அதை சிஸ்டம் இன்புட் என்று எடுத்துக்கொள்ளலாம். அவர் மேல் தப்பில்லை.

அதைவிடப் பெரிய சிக்கல், இந்த உள்ளீடு என்ன செய்கிறது என்பதைத் ‘தொகுதி’ சொல்வதே இல்லை. சர்வர் பதிவுகளைச் சேகரித்துத் தேட உதவும் ஸ்ப்ளங்க் என்ற மென்பொருளை எடுத்துக்கொள்வோம். எதையெல்லாம் உள்ளே எடுக்க வேண்டும் என்று சொல்லும் இன்புட்ஸ்.கான்ஃப் கோப்பில் ஓர் அடைவை (ஃபோல்டரை) இரண்டு விதமாகக் காட்டலாம். மானிட்டர் என்று போட்டால் அங்குள்ள கோப்புகளைப் பார்த்துக்கொண்டே இருக்கும். வரி சேரச் சேர எடுத்துக்கொள்ளும், கோப்பைத் தொடாது. பேட்ச் என்று போட்டால் கோப்பை ஒரே தடவை முழுதாகப் படித்து உள்ளே அனுப்பும். அப்புறம் கோப்பை அழித்துவிடும். இதற்குக் கீழேயே மூவ்_பாலிசி = சிங்க்ஹோல் (போனது திரும்பாத குழி, அதாவது படித்ததும் அழி) என்ற வரியையும் கட்டாயம் எழுத வேண்டும். அறுவை சிகிச்சைக்கு முன்னால் கையெழுத்து வாங்குவது மாதிரி.

நானும் அந்தக் கையெழுத்தைப் படிக்காமல் போட்டவன்தான். சில ஆண்டுகளுக்கு முன் ஓர் அலுவலகத்தில் பழைய சர்வர் பதிவுகளை ஏற்றும் வேலை. பேட்ச் என்றால் கட்டுக்கட்டாக, மொத்தமாக என்பதுதான் என் மனதில் இருந்தது. எங்கிருந்தோ இரண்டு வரிகளை நகலெடுத்து ஒட்டினேன். ஏற்றம் முடிந்தது. தேடிப் பார்த்தால் பதிவுகள் இருக்கின்றன, ஆனால் நாளும் மாதமும் இடம் மாறி 3 ஏப்ரல் எல்லாம் 4 மார்ச் ஆகியிருக்கிறது. சரி, திருத்திவிட்டு மறுபடி ஏற்றலாம் என்று போனால் அடைவு துடைத்து வைத்ததுபோல் இருந்தது. நகல் எடுத்து வைத்திருக்கவில்லை. மற்றதை விட்டுவிடுகிறேன்.

இனி என் முன்மொழிவு. ஆங்கிலத்தில் பேட்ச் என்ற சொல் பிறந்ததே அடுப்படியில்தான். ரொட்டி சுடுவதைக் குறிக்கும் பேக் என்ற சொல்லோடு உறவு கொண்டது. ஒரு தடவை அடுப்பில் வைத்து எடுக்கும் ரொட்டிகள் ஒரு பேட்ச். அதற்கு நம் அடுப்படியில் சொல் இல்லையா? ‘இன்னும் ரெண்டு ஈடு ஊத்தினா எல்லாருக்கும் போதும்’ என்று அம்மா சொல்லும் அந்த ஈடுதான். ஒரு தடவை தட்டுகளில் ஊற்றி, வேகவைத்து, எடுத்தால் ஒரு ஈடு இட்லி. அடுத்த ஈடு ஊற்ற வேண்டுமானால் தட்டு காலியாக வேண்டும். பேட்ச் உள்ளீடு செய்வதும் இதே வேலைதான்: வந்ததை எடு, இடத்தைக் காலிசெய், அடுத்தது வரட்டும்.

> ஈடு என்றால் அடமானம் இல்லையா? நஷ்ட ஈடு, ஈடு இணை... வைணவர்கள் திருவாய்மொழி உரையையே ஈடு என்பார்கள்.

எல்லாம் சரிதான். ஆனால் பதிவுச் சேகரிப்புக் கையேட்டைத் திறப்பவர் அடமானத்தைத் தேடி வரமாட்டார். எனக்கு உறுத்துவது வேறு. இடு என்பது நீண்டுதான் ஈடு ஆகிறது, சுடு சூடு ஆவதுபோல. உள்ளீடு என்ற சொல்லுக்குள் இருப்பதும் அதே ஈடுதான். ஆகவே ‘ஈட்டு உள்ளீடு’ என்றால் நாக்கு இடறுகிறது. ‘ஈட்டு ஏற்றம்’ என்று வைத்துக்கொள்ளலாம்.

சிங்க்ஹோலுக்குப் புதைகுழி என்று ஒருவர் எழுதியிருந்தார். வேண்டாம். இலங்கை வாசகருக்கு அந்தச் சொல் எதை நினைவூட்டும் என்று சொல்லத் தேவையில்லை. உருவகமே இல்லாமல் ‘படித்தழிப்பு’ என்று வைப்போம். அழகில்லைதான், ஆனால் அன்றைக்கு என் திரையில் இந்தச் சொல் இருந்திருந்தால் என்டர் தட்டும் முன் கை நின்றிருக்கும். இதேபோல் பதிவுகளைச் சேகரிக்கும் இன்னொரு மென்பொருளான லாக்ஸ்டாஷுக்கும் இது பொருந்தும். அங்கே கோப்பு உள்ளீட்டை ரீட் முறையில் வைத்து வேறெதுவும் சொல்லாமல் விட்டால், படித்து முடித்த கோப்பை அழிப்பதுதான் இயல்பிருப்பு. (கோப்பின் கடைசியில் சேரும் வரிகளைத் தொடர்ந்து படிக்கும் அதன் இன்னொரு முறையான டெயிலுக்கு ‘வால்பிடி’ என்று கேலியாக எழுதிய நண்பரே, சிரித்தேன். கையேட்டில் மட்டும் போட்டுவிடாதீர்கள்.)

ஒரு விலக்கு உண்டு. ஸ்ப்ளங்கில் மானிட்டர் போட்ட அடைவிலேயே 20 எம்பியைத் தாண்டிய கோப்பு வந்தால், அதைப் படிக்கும் வேலை பேட்ச் ரீடர் என்ற தனி உறுப்புக்குப் போகும். அங்கே அழிப்பு எதுவும் இல்லை, பெயர் மட்டும்தான் ஒன்று. அதை ‘பெருங்கோப்பு வாசிப்பான்’ என்று தனியாக எழுதலாம். ஆங்கிலம் போட்ட முடிச்சை நாமும் போடுவானேன்?

இந்த வார இறுதிக்குள் மாதிரிக் கோப்பின் குறிப்பு வரிகளை இப்படி மாற்றி அனுப்புகிறேன்: ‘ஈட்டு ஏற்றம் – படித்தழிப்பு கட்டாயம் – மூலக்கோப்பின் நகலை வேறிடத்தில் வைத்த பிறகே இயக்கவும்.’

இலங்கை நண்பர்களுக்கு ஒரு கேள்வி: இடியப்பம் அவிக்கும்போது ஒரு தடவைக்கு உங்கள் வீட்டில் என்ன சொல்வார்கள்? ஈடு என்பதைவிட நல்ல சொல் அங்கே இருந்தால் அதையே எடுத்துக்கொள்ளலாம்.